மெமரி எதுவும் வாணாங்க

காதை ஒட்டி வைத்துக் கேட்டால் உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம் வரும். 'கிரிக் கிரிக்' என்று கொஞ்ச நேரம் சுரண்டும், பிறகு நின்றுவிடும், போய்விட்டது என்று நினைத்துக் காதை எடுக்கும்போது மறுபடியும் ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த கணினியை நினைத்தால் அதன் திரையோ, திரையில் தெரிந்த படமோ எனக்கு முதலில் ஞாபகம் வருவதில்லை, இந்தச் சத்தம்தான் வருகிறது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, உள்ளே ஏதோ பூச்சி புகுந்துவிட்டது, வெயிலில் காயவைத்து எடுத்தால் ஓடிவிடும் என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அது பூச்சி இல்லை, உள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, நாம் கொடுப்பதையெல்லாம் ஒரு சின்ன முள் அதன்மேல் ஓடி ஓடி எழுதுகிறது, அந்தச் சத்தம்தான் இது என்றாள். எழுதினால் மை தீர்ந்து போகாதா என்று அம்மா கேட்டாள்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எங்கள் ஊர். சொந்த நிலம் என்று ஒரு காணி கிடையாது. அம்மா களை எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் கூலிக்குப் போவாள், அப்பா மக்காச்சோள மண்டியில் மூட்டை தூக்குவார். வெண்ணிலா அக்கா பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இலவச லேப்டாப் கொடுத்த அன்று அவள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லையாம், யாராவது இடித்துவிடுவார்களோ என்று கடைசிக் கம்பியோடு ஒண்டிக்கொண்டு, பையை மார்போடு அணைத்தபடி ஊர்வரைக்கும் நின்றுகொண்டே வந்தாளாம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அன்று எங்கள் தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் இருந்தோம், அம்மா சோற்றுப் பானையைக்கூட வெளியே எடுத்துக்கொண்டு போய்தான் வடிக்க வேண்டியிருந்தது.

அக்காவுக்குப் படிக்க நேரம் கிடைக்காது. காலையில் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி, எனக்குத் தலை பின்னிவிட்டு அவள் பஸ் பிடிக்க ஓட வேண்டும், சாயந்திரம் வந்தால் மறுபடியும் அதே வேலை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாகப் படித்து லேப்டாப்பில் ரெக்கார்ட் பண்ணிவிடுவாள், மற்ற நாட்களில் அதை மாடத்தில் வைத்துப் பாடவிட்டுவிட்டு, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு மாவாட்டுவாள், வீடு பெருக்குவாள். பரீட்சைக் காலங்களில் எங்கள் வீட்டில் இரண்டு அக்காக்கள் இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தி மாடத்தில் இருந்து பேசுவாள், இன்னொருத்தி அடுப்படியில் இருந்து பதில் சொல்வாள். மாடத்து அக்கா ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் அடுப்படி அக்கா அவளைத் திட்டுவாள்.

அவள் படிக்கும் முறையும் தனி. முதலில் புத்தகத்தில் உள்ள வரியை அப்படியே, மேடையில் பேசுகிறவளைப் போல, நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அதாவது இன்னான்னா" என்று ஆரம்பித்து அதையே எங்கள் வீட்டுப் பேச்சில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் தெரிந்த பாடம் ஒன்று உண்டென்றால் அது இப்படி வந்ததுதான்.

"மையச் செயலகம் என்பது கணினியின் மூளை ஆகும். அதாவது இன்னான்னா, அதுக்கு சொந்த புத்தி ஒன்னும் கெடையாது. கூட்டுன்னா கூட்டும். ரெண்டுல எது பெருசுன்னு கேட்டா சொல்லும். இத்த அங்க வையின்னா வைக்கும். அவ்ளோதான் தெரியும். ஆனா வேகம். நம்ப கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கோடி வாட்டி கூட்டிட்டு ஒக்காந்துகினு இருக்கும்."

தற்காலிக நினைவகத்தைப் பற்றிய பாடத்துக்கு அவள் முறத்தைக் கொண்டுவந்தாள். பானையில் கிடக்கிற அரிசியைப் பானைக்குள்ளேயே புடைக்க முடியாது, முறத்தில் கொட்டித்தான் புடைக்க முடியும், அதுபோலத் தட்டில் எழுதிவைத்திருப்பதை 'ராம்' என்ற இடத்துக்கு எடுத்துப் போட்டுத்தான் கணினி வேலை பார்க்கும் என்பது அவள் கணக்கு. கரண்ட் போனால் முறம் கவிழ்ந்துவிடும், அதில் இருந்த அத்தனையும் கொட்டிப்போகும், பானைக்குத் திருப்பி எடுத்துவைத்ததுதான் மிஞ்சும், அப்படி எடுத்துவைப்பதற்குப் பெயர்தான் 'சேவ்'. இந்தப் பாடம் ஓடும்போதெல்லாம் அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிடும். 'ராம், ராம்' என்று இத்தனை தடவை சொல்கிறாளே, பரீட்சைக்கு முன்னால் சாமி பேர் சொல்வது நல்லதுதான் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது சாமி இல்லை என்று அவளிடம் சொல்ல எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை.

லேப்டாப்பின் பேட்டரி சீக்கிரமே சோர்ந்துவிட்டது. ஒயரைச் செருகி வைத்தால் ஓடும், கரண்ட் போனால் அதுவும் கூடவே அணைந்துவிடும். மலைப் பக்கம் காற்றும் மழையும் வந்தால் எங்கள் தெருவில் கரண்ட் நிற்காது என்பதால், எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அக்கா ரெக்கார்ட் பண்ண உட்கார்ந்தால் என்னுடைய வேலை வாசலில் நின்று மேற்கே மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பது. மேகம் இறங்கி உச்சி மறைய ஆரம்பித்தால், "மல இருட்டிக்கினு வருது, சேவ் பண்ணு" என்று நான் கத்த வேண்டும். அந்தக் கத்தலும் ரெக்கார்டில் விழுந்துவிடும். நான் கத்துவது மட்டுமல்ல, கோழி கொக்கரிப்பது, அப்பா இருமுவது, அம்மா யாரிடமோ தண்ணீர் வண்டி வந்துவிட்டதா என்று கேட்பது, "சத்தம் போடாத, ரெக்கார்ட் ஆவுது" என்று அக்கா அதட்டுவது எல்லாமே பாடத்தோடு பாடமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. அவற்றை வெட்டி எடுக்க அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் வெட்டியிருக்கமாட்டாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

எங்கள் பக்கத்தில் செல்போனில் பாட்டுச் சேர்ப்பதைப் 'பாட்டு ஏத்தறது' என்பார்கள். லாரியில் மூட்டை ஏற்றுவதற்கும் அதே வார்த்தைதான். அப்பாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது, அதில் விரல்நகம் அளவுக்கு ஒரு கார்டு, அந்தக் கார்டுக்கு ஊரில் எல்லாரும் சொல்கிற பெயர் 'மெமரி'. மெமரி வாங்கினியா, மெமரி போட்டுட்டியா, எம் மெமரி தொலஞ்சிபோச்சி என்று சந்தையிலும் பஸ்ஸிலும் பேசிக்கொள்வார்கள். கணினிக்கும் ஒரு மெமரி உண்டு, அது உள்ளேயே இருக்கிறது என்பது அக்காவின் புத்தகத்தில் இருந்ததே தவிர, ஊர்ப் பேச்சில் இல்லை.

ஒருநாள் அக்கா தோழியிடம் இருந்து பாட்டும் படமுமாக ஒரு பெரிய குவியலை லேப்டாப்பில் ஏற்றப்போவதாகச் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு சந்தேகம். இத்தனை ஏற்றினால் கனம் கூடாதா? எத்தனை கூடும்? வாழ்நாள் முழுக்கக் கனத்தையே தோளில் வாங்கியவருக்கு வேறு என்ன சந்தேகம் வரும்? அவர் விடவில்லை, ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை, ஏற்றிய பிறகு ஒருமுறை லேப்டாப்பை மண்டிக்கு எடுத்துக்கொண்டு போய் மூட்டை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். நானும் அக்காவும் கூடப் போனோம். தராசில் அதே எண்தான் நின்றது. அப்பா அதைத் திருப்பி வைத்துப் பார்த்தார், தராசைத் துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தார், சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "இந்த மாதிரி மூட்ட ஊருல இருந்தா, எங்க முதுவு ஏன் இப்டி ஆவுது."

அப்போது அக்கா அவர்களுக்குச் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் பிற்காலத்தில் எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்தும் கேட்டதில்லை. அந்தத் தட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத காந்தப் பொடி கோடிக்கணக்கில் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிரேயரில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற மாதிரி. எழுதுவது என்றால் புதிதாக யாரையும் கொண்டுவந்து நிறுத்துவதில்லை, நிற்கிறவர்களையே நின்ற இடத்தில் ஒருத்தரை இந்தப் பக்கம், ஒருத்தரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வதுதான். இந்தப் பக்கம் பார்த்தால் ஒன்று, அந்தப் பக்கம் பார்த்தால் சைபர். பாட்டும் அதுதான், படமும் அதுதான், என் பேச்சும் அதுதான். ஆள் கூடவில்லை, குறையவில்லை, அப்புறம் கனம் எப்படிக் கூடும் என்று கேட்டாள். மண்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். அப்பா வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார், யோசனை முகத்தில் தெரிந்தது, மகளுடைய பேச்சில் அவருக்கு இருந்த பெருமையும் தெரிந்தது.

அக்கா நல்ல மார்க் வாங்கினாள். கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் சேர்ந்தாள், அங்கேயும் கம்ப்யூட்டர்தான். கல்லூரிப் பாடங்களையும் அதே மாதிரி ரெக்கார்ட் பண்ணினாள், அவற்றில் ஆங்கிலம் நிறைய வந்தது, 'அதாவது இன்னான்னா' இன்னும் நீண்டுகொண்டே போனது. படித்து முடித்தால் சென்னையில் வேலைக்குப் போவேன், அப்போது அப்பா மண்டிக்குப் போகக் கூடாது என்று ஒரு ரெக்கார்டின் முடிவில் தனக்குத்தானே சொல்லி, சொன்னதைக் கேட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரித்திருப்பாள். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டு அவளைக் கேலி செய்வேன்.

முதல் வருஷம் முடிவதற்கு முன்னால், ஒரு விடுமுறை நாளில், அம்மாவோடு மக்காச்சோளம் ஒடிக்கப் போனவளைப் பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். சோளத் தட்டைக்குள் கையை விட்டபோது என்றார்கள். வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாளாம், பாதி வழியில் பேச்சு குழறியதாம், கள்ளக்குறிச்சி வருவதற்குள் நின்றுவிட்டதாம். வழியில் என்ன பேசினாள் என்று அம்மா இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அக்காவை வாசலில் படுக்கவைத்திருந்தார்கள், எனக்கு அழுகை வரவில்லை, மாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லேப்டாப் அங்கே மூடியபடி இருந்தது.

அம்மா அதைத் தன் பழைய புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். எடுக்கக் கூடாது என்று சொன்னாள். யாரும் எடுக்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும்போல் இருக்கும், ஆனால் அம்மா இருக்கிற வீட்டில் அந்தக் குரல் எழுந்தால் அம்மா என்ன ஆவாளோ என்று பயம். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. அக்காவுக்குத் திதி கொடுத்த அன்று, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அம்மாவே பெட்டியைத் திறந்தாள். "அத்த எடுத்துப் போடு, அவ பேசறத கேக்கணும்" என்றாள். அவ்வளவு நாளாக அவள் யாரிடமும் எதையும் கேட்டதே இல்லை, சாப்பாட்டைக்கூட.

நான் ஒயரைச் செருகி ஆன் செய்தேன். திரையில் வெளிச்சம் வந்தது, ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டாலும் அதே வட்டம். அம்மா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் சத்தம் வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் காத்திருந்ததை என்னால் இப்போதும் நினைக்க முடிவதில்லை. மறுநாளே அப்பா மண்டிக்கு லீவு போட்டுவிட்டு, அதே புடவையில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்.

சாயந்திரம் திரும்பி வந்தபோது முகம் நிறையச் சிரிப்பு. ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தோம். கடைக்காரர் நல்ல மனுஷர், அண்ணா அண்ணா என்று உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கண் எதிரிலேயே சரிசெய்து கொடுத்துவிட்டார் என்றார். பொண்ணு பார்க்கட்டும் என்று புதுப்படமும் பாட்டும் இடம் கொள்கிற மட்டும் ஏற்றி வேறு கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. கடைக்காரர்கள் தலையில் எதையாவது கட்டிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்களே, அதற்குத் தான் இடம் கொடுக்கவில்லை என்றார்.

"இதுல மெமரி எதனா வேணுமாண்ணான்னு கேட்டான். மெமரி எதுவும் வாணாங்க, எங்ககிட்ட கீதுன்னு சொல்ட்டன்." இப்படிச் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் இருந்த பட்டன் போனைத் தட்டிக் காட்டினார்.

லேப்டாப் உடனே திறந்தது. பளிச்சென்று இருந்தது, கடையில் வாங்கியது போல இருந்தது. அக்கா வைத்திருந்த படம் திரையில் இல்லை. பாடங்கள் இருந்த இடத்தைத் தேடினேன், அந்த இடமே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். எங்கே தொட்டாலும் பாட்டு, எங்கே தொட்டாலும் படம். அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "போடும்மா, போடு" என்று அவசரப்படுத்தினார். கடைக்காரர் என்ன கேட்டார், அப்பாவின் காதில் அது என்னவாக விழுந்தது என்பது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மாடத்து அக்காவோடு வளர்ந்தவள் நான், அந்த வார்த்தைக்கு அவளிடம் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருப்பதில் ஏதாவது வேண்டுமா, எடுத்துவைக்கவா என்று அவர் கேட்டிருக்கிறார். கார்டு ஒன்று விற்கப் பார்க்கிறார் என்று அப்பா நினைத்திருக்கிறார். வேண்டாம் என்றதும் அவர் வழக்கப்படி எல்லாவற்றையும் துடைத்து, 'பார்மெட்' அடித்து, புதிதாக ஆக்கிக் கொடுத்துவிட்டார்.

நான் அதைச் சொல்லவில்லை. உள்ளேதான் இருக்கிறது, மறைந்திருக்கிறது, எனக்கு எடுக்கத் தெரியவில்லை, பெரிய படிப்புப் படித்தால் எடுத்துவிடலாம் என்றேன். அப்பா முகத்தில் இருந்த சிரிப்பு லேசாக இறங்கியது, ஆனால் நம்பினார். அம்மா முந்தானையைப் பிரித்து உதறிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். லேப்டாப் மறுபடியும் புடவைக்குள் போயிற்று.

நான் கம்ப்யூட்டர் படித்ததற்கு எல்லாரும் ஏதேதோ காரணம் சொல்வார்கள், அக்காவின் ஆசையை நிறைவேற்றினாள் என்பார்கள். காரணம் அந்தப் பொய்தான். படிக்கப் படிக்க அது முழுப் பொய் இல்லை என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. பார்மெட் அடிக்கும்போது தட்டில் உள்ள எதுவும் உடனே அழிந்துவிடுவதில்லை. எந்த வகுப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வாத்தியார் மறந்துவிடுகிறார், அவ்வளவுதான். பிள்ளைகள் அதே வரிசையில், கடைசியாக யார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்களோ அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறார்கள். பொறுமையாகத் தேடினால் அவர்களைப் படித்துவிடலாம். புதிதாக ஒருவர் வந்து அதே பிள்ளைகளை வேறு பக்கம் திரும்பி நிற்கச் சொல்லாத வரைக்கும்.

அந்தக் கடைக்காரர் பார்மெட் அடித்ததோடு விட்டிருந்தால் போதும், அக்கா எனக்குக் கிடைத்திருப்பாள். ஒரு பெண்பிள்ளை சந்தோஷமாகப் பார்க்கட்டும் என்று இடம் கொள்கிற மட்டும் ஏற்றினாரே, அந்த நல்ல மனசுதான் அவளை எழுதி மூடிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபப்பட ஒருவர் கிடைத்திருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது நான் சென்னையில் சர்வர்கள் வைத்திருக்கிற ஒரு பெரிய கட்டிடத்தில் வேலை பார்க்கிறேன். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். வரிசை வரிசையாக டிஸ்க்குகள், ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்று போடுவது என் வேலை. ஒன்று கெட்டுப்போனால் எதுவும் தொலையாது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் பிரதி உண்டு, பிரதிக்கும் பிரதி உண்டு. யாரோ எங்கேயோ சாப்பிட்ட தட்டைப் படம் பிடித்துப் போட்டால் அதைக்கூட வெவ்வேறு ஊர்களில் பத்திரமாக வைத்திருக்கிறோம். சில நாட்களில் அந்த வரிசைகளுக்கு நடுவே நின்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். என் அக்காவுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பைக் கூடவே எடுத்துக்கொண்டு வந்தேன். பல வருஷங்களாகத் தள்ளிப்போட்டுவந்தேன், தேடாத வரைக்கும் அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அழிந்ததை மீட்பதில் கைதேர்ந்தவள், அவள் தட்டை மட்டும் கழற்றி அவளுடைய கருவியில் மாட்டி, பகல் முழுக்க ஓடவிட்டாள். மதியம் போல என்னைக் கூப்பிட்டாள். திரையில் பெயர்கள் வந்திருந்தன. அக்கா வைத்த பெயர்கள், ஆங்கில எழுத்தில் தமிழாக, 'பாடம்', 'ராம்', 'மறுபடியும் பாடம்', 'சத்தம் இல்லாதது'. அவளே எழுதிய எழுத்து, ஒரு பிழைகூட மாறாமல் இருந்தது. தோழி என் தோளைப் பிடித்துக்கொண்டு, பெயர் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, மனசைத் தேற்றிக்கொள் என்றாள்.

'ராம்' என்ற பெயரைத் தொட்டேன். ஒரு குத்துப்பாட்டு, நடுவிலிருந்து, முழுச் சத்தத்தோடு கிளம்பியது. அடுத்ததைத் தொட்டேன், ஏதோ படத்தில் யாரோ யாரையோ அடிக்கிற சத்தம். அடுத்தது வெறும் இரைச்சல். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தொட்டேன். அவளுடைய பெயர்களுக்குள் அவள் எங்கும் இல்லை. தோழி ஒலியைக் குறைத்தாள், நான் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அக்கா செத்த அன்று வராத அழுகை அது. அழும்போது இன்னொன்றும் தெரிந்தது, அவள் சொன்ன வார்த்தைகள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, ஆனால் என் மனசுக்குள் அவற்றைச் சொல்வது அக்காவின் குரல் இல்லை, என் குரல்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பா இப்போது மண்டிக்குப் போவதில்லை, முதுகு விடவில்லை. அம்மா உள்ளே வேலையாக இருந்தாள். அப்பா நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே என் பையைத்தான் பார்த்தார். நான் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். டிஸ்க் தேய்ந்துவிட்டது, சும்மா கிடந்தாலும் அது தானாகவே தேய்ந்துபோகும், வெண்ணிலா பேசியதெல்லாம் அப்படியே உள்ளே தேய்ந்துவிட்டது, யாராலும் இனி எடுக்க முடியாது என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அன்னிக்கி கடையில அவன் எதையோ கேட்டான், நான் எதையோ சொன்னன். அதுல ஒன்னும் ஆவலியே?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் விடவில்லை.

"எம் பொண்ணு செத்துப்போச்சி, அதுங்கொரலு இதுல கீதுன்னு சொல்லியிருந்தா அவன் சூதானமா பாத்திருப்பான். எனக்குத்தான் அங்க வாய் வரல. பொண்ணு இன்னா படிக்குதுண்ணான்னு கேட்டான். காலேஜ் போவுதுன்னு சொல்லிட்டன். ஒரு நாளு, ஒரே ஒரு எடத்துலயாவது அது உசுரோட இருக்கட்டுமேன்னு."

இத்தனை வருஷமாக அவர் அதைச் சுமந்துகொண்டிருந்தார், நாங்கள் யாரும் அறியாமல். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எதைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, நீ கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே அது தேய்ந்துபோய்விட்டது, அதனால்தான் அன்றைக்கு வீட்டில் ஓடவில்லை, இதெல்லாம் என் படிப்பு, எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கொஞ்சமும் குரல் நடுங்காமல் சொன்னேன். அப்பா என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, அது தானாகவே தேய்ந்துவிட்டதாம், பாப்பா சொல்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சாப்பிட வரச் சொன்னாள். அன்று அப்பா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை இருக்கிறது, கடைக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை. ஊரில் யாரும் இப்போது கார்டு வாங்கிப் பாட்டு ஏற்றுவதில்லை, மெமரி என்ற வார்த்தையும் பேச்சில் குறைந்துவிட்டது. இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் குரல் இந்த உலகத்தில் எந்த இடத்திலும் இல்லை. நடந்தது நடந்தபடி இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேன்.